விரலுக்கு விலை, தவறுக்கு விசாரணை



தொழிலாளர் நலம் குறித்து ஆண்டுதோறும் ஒரு சொற்பொழிவு நிகழவேண்டும் என்னும் நோக்குடன் அமைந்த இந்த மேடையில், ஊதியம், போனஸ், சங்க உரிமை, வேலைநிறுத்தம் முதலான பெரிய விஷயங்களை எனக்கு முன் பேசியவர்கள் விரிவாகவே பேசியிருப்பார்கள் என்ற எண்ணத்தினால், அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு, மனித சரீரத்தில் சிறியதொரு பகுதியாகிய கையை மட்டும் எடுத்துக்கொண்டு, அது வேலை செய்யும் இடத்தில் சேதமுறும்போது சட்டம் என்ன செய்கிறது, என்ன செய்யாமல் விடுகிறது என்பதை உங்கள் முன் வைக்க முன்வந்திருக்கிறேன்.

ஆலையில் ஒருவருடைய கை நசுங்கியதும் இரண்டு கேள்விகள் எழுந்தாக வேண்டும். இழந்ததற்கு எவ்வளவு கொடுப்பது என்பது ஒன்று. இது ஏன் நேர்ந்தது, யாருடைய அசிரத்தையினால் நேர்ந்தது என்பது மற்றொன்று. முதற் கேள்வியைச் சீராகக் கேட்கவும், கணக்குப் பிசகாமல் விடை சொல்லவும் நமது சட்டம் நூறாண்டுகளில் கற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் அப்படிக் கற்றுக்கொண்டதற்கு அது கொடுத்த விலை, இரண்டாவது கேள்வியை மெல்ல மெல்லக் கைவிட்டதுதான். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவே. மற்றவையெல்லாம் இதன் விரிவு.

1. கையும் அதன் மருத்துவமும்

மணிக்கட்டு முதல் விரல் நுனி வரை ஒரு கையில் 27 எலும்புகள் உள்ளன. விரல்களை மடக்கி நீட்டுகிற பெருந்தசைகள் விரல்களில் இல்லை. அவை முன்கையில் இருந்துகொண்டு, மணிக்கட்டின் குறுகலான வழியே நாண்களை அனுப்பி, தூரத்திலிருந்தே விரல்களை ஆட்டுவிக்கின்றன. ஆகவே உள்ளங்கையில் ஓர் அங்குல நீளத்துக்கு வெட்டு விழுந்தால், வெளியே தையல் போட்டு ஆறிவிட்ட புண்ணாகத் தோன்றினும், உள்ளே அறுபட்ட நாண் சேராமல் ஒரு விரல் வாழ்நாள் முழுவதும் மடங்காமல் நின்றுவிடக்கூடும். ஒரு கையின் செயலாற்றலில் ஏறத்தாழ 40 சதவீதம் பெருவிரல் ஒன்றையே சார்ந்தது என்று கை மருத்துவர்கள் மதிப்பிடுவது வழக்கம். ஏனெனில் மற்ற நான்கும் பிடிப்பதற்கு எதிர்நின்று கொடுப்பது அது ஒன்றே.

இத்தகைய காயங்களுக்கென்று தனியே ஒரு மருத்துவத் துறை வேண்டும் என்பதை நம் நாட்டில் முதலில் உணர்ந்தவர்களுள் ஒருவர் டாக்டர் ஆர். வெங்கடசாமி. வடசென்னையின் ஆலைகளிலும் துறைமுகத்திலும் அடிபட்டவர்கள் வந்து சேரும் ஸ்டான்லி மருத்துவமனையில் 1971இல் அவர் தொடங்கிய கைப் பிரிவு, பின்னாளில் கை ஆராய்ச்சிக்கும் மறுவாழ்வுக்குமான நிலையமாகவே வளர்ந்தது. கோவையிலே டாக்டர் எஸ். ராஜசபாபதி தலைமையில் கங்கா மருத்துவமனை இத்துறையில் உலகறிந்த இடத்தைப் பெற்றது. இவ்விரு ஊர்களும் இந்த மருத்துவத்தில் பேர் பெற்றதற்கு இங்குள்ள மருத்துவர்களின் திறமை ஒரு காரணம். இங்குள்ள ஆலைகள் ஓயாமல் அனுப்பிவைத்த கைகள் மற்றொரு காரணம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

முற்றிலும் துண்டான பெருவிரலை மீண்டும் பொருத்தும் சிகிச்சை 1965இல் ஜப்பானில் முதன்முதலாக வெற்றி கண்டது. துண்டான விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் பையிலிட்டு இறுக முடிந்து, அந்தப் பையை ஐஸ் கலந்த நீரில் வைத்துக் கொண்டுவர வேண்டும். விரலை நேராக ஐஸ்கட்டியின் மீது வைத்தால் திசுக்கள் உறைந்து கெட்டுவிடும். இந்த மூன்று வரிகளை ஆலைதோறும் சுவரில் எழுதிவைக்கப் பெருஞ்செலவு ஆகாது. ஆயினும் எத்தனை ஆலைகளின் சுவர்களில் உற்பத்தி இலக்கு எழுதப்பட்டிருக்கிறது, எத்தனை சுவர்களில் இது எழுதப்பட்டிருக்கிறது என்று நீங்களே சென்று பார்த்து அறிந்துகொள்ளலாம்.

2. பிரஸ் இயந்திரத்தின் முன்

அசிரத்தை என்று பொதுவாகச் சொன்னால் அது யாரையும் உறுத்தாது. ஆகையால் ஒரே ஓர் இயந்திரத்தின் அருகே உங்களை அழைத்துச் செல்கிறேன். அம்பத்தூரிலும் ஓசூரிலும் கோவையிலும் தகட்டை வெட்டி வடிவம் கொடுக்கும் பவர் பிரஸ்களில் பழைய வகை ஒன்று உண்டு. ஒரு பக்கத்தில் கனத்த சுழல்சக்கரம் இடைவிடாமல் சுற்றிக்கொண்டிருக்கும். ஆபரேட்டர் தகட்டைக் கீழ் டையின் மீது வைத்துப் பெடலை மிதித்ததும், கிளட்ச் அந்தச் சக்கரத்தைப் பற்றிக்கொள்ள, மேல் டையைத் தாங்கிய ராம் இறங்கித் தகட்டை வெட்டிவிட்டு மேலேறும். வெட்டுண்ட துண்டை ஒரு கை எடுக்க, மறு கை அடுத்த தகட்டை வைக்க, கால் மறுபடி மிதிக்கும். ஷிப்டு முழுவதும் இதுதான் வேலை. கையும் காலும் ஒரு தாளத்துக்குப் பழகிவிட்ட பிறகு மனம் அதில் இல்லாமலே வேலை நடக்கும். அந்தத் தாளம் ஒரு தடவை பிசகினால் போதும்.

இந்த ஆபத்தைத் தடுக்கும் உபாயங்கள் நெடுங்காலமாகவே அறியப்பட்டவை. டை மூடும் இடத்துக்கு முன் கார்டு என்னும் தடுப்பு ஒன்று இருந்தால் விரல் உள்ளே போகாது. பெடலுக்குப் பதிலாக இரண்டு கைகளாலும் ஒரே சமயத்தில் அழுத்த வேண்டிய இரண்டு பொத்தான்கள் இருந்தால், ராம் இறங்கும் வேளையில் இரு கைகளும் வெளியே இருந்தாக வேண்டும். ஓட்டத்தை நடுவிலே நிறுத்தக்கூடிய பிரஸ்களில், கை குறுக்கிட்டதும் அதை நிறுத்தும் ஒளித்திரை சென்சாரும் உண்டு. ஆனால் டை மாற்றும்போது கழற்றிய கார்டு, 'இந்த ஆர்டர் முடியட்டும்' என்ற பேச்சில் மூலையிலேயே கிடக்கும். இரண்டு பொத்தான்களில் ஒன்றை டேப் ஒட்டியோ குச்சி செருகியோ நிரந்தரமாக அழுத்தி வைத்துவிட்டால், மற்றொரு கை துண்டுகளை எடுக்கப் பயன்படும். பீஸ் கணக்கும் ஏறும். தேய்ந்துபோன கிளட்ச் சாவியினால் ஒரு மிதிப்புக்கு ராம் இரண்டு முறை இறங்குவதுண்டு. 'பிரஸ் டபுள் அடிக்கிறது' என்று ஆபரேட்டர் முதல் நாளே சொல்லியிருப்பார், மெயின்டெனன்ஸ்காரரோ சரக்கு ஏற்றுமதி முடிந்த பிறகு பார்க்கலாம் என்று பதில் சொல்லியிருப்பார். மறுநாள் அந்த இரண்டாவது அடி விழும்போது கீழே இருப்பது தகடு அன்று.

இதனைத் தற்செயல் என்று சொல்லலாமா? கார்டைக் கழற்றியவர் ஒருவர், மாட்டாமல் ஓட்டச் சொன்னவர் ஒருவர், பழுதைத் தள்ளிப்போட்டவர் ஒருவர். இந்த மூவர் செய்த முடிவுகளும் மூன்று வெவ்வேறு தினங்களில் நிதானமாகச் செய்யப்பட்டவை. விபத்து என்று நாம் பெயரிட்டு அழைப்பது அவற்றின் கூட்டுத்தொகையைத்தான்.

3. குற்றத்தைத் தேடி அலைந்த சட்டம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கையிழந்த தொழிலாளி நஷ்டஈடு கேட்க வேண்டுமாயின் முதலாளியின் தவறை அவரே நிரூபித்தாக வேண்டும். நிரூபித்தாலும் போதாது. இங்கிலாந்தில் 1837இல் பிரீஸ்ட்லி எதிர் ஃபௌலர் என்னும் வழக்கில், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய வண்டியிலிருந்து விழுந்து காயமுற்ற இறைச்சிக் கடைப் பணியாள் ஒருவனுக்கு எதிராகச் சொல்லப்பட்ட தீர்ப்பு, உடன்வேலை செய்பவன் தவறுக்கு முதலாளி பொறுப்பல்லன் என்ற கோட்பாட்டுக்கு வித்திட்டது. 1842இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் அந்த வித்து மரமாயிற்று. பாஸ்டன்–வுஸ்டர் ரயில்பாதையில், பாதை மாற்றுபவர் செய்த தவறினால் ரயில் தடம்புரண்டு, நாளொன்றுக்கு இரண்டு டாலர் சம்பளம் பெற்ற எஞ்சின் டிரைவர் ஒருவர் தம் வலது கையை இழந்தார். தலைமை நீதிபதி லெமுவெல் ஷா அவருடைய வழக்கைத் தள்ளுபடி செய்தார். வேலையின் ஆபத்துக்கள் யாவும் அவர் அறிந்தே ஏற்றவை. அந்த ஆபத்துக்கான ஈடு சம்பளத்திலேயே அடங்கியிருக்கிறது என்பது அவர் கூறிய நியாயம்.

தெரிந்தே ஆபத்தை ஏற்றான், உடன்தொழிலாளியின் தவறு, தன்னுடைய கவனக்குறைவும் சேர்ந்தது என்னும் இம்மூன்று கேடயங்களைத் தாங்கி நின்ற முதலாளியை எதிர்த்து, ஒற்றைக் கையுடன் ஒரு தொழிலாளி எவ்விதம் வெல்ல முடியும்? ஆகையினால்தான் வேறொரு வழி தேடப்பட்டது. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1884இல் விபத்துக் காப்புறுதியைக் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் ஜோசப் சேம்பர்லினின் முயற்சியால் 1897இல் நஷ்டஈட்டுச் சட்டம் பிறந்தது. இவற்றின் அடிப்படை ஓர் உடன்படிக்கை: தொழிலாளி குற்றத்தை நிரூபிக்க வேண்டியதில்லை, முதலாளி முழு நஷ்டத்தையும் தரவேண்டியதில்லை. நிச்சயமான சிறு தொகைக்காக, நிச்சயமற்ற பெருந்தொகையைத் தொழிலாளி விட்டுக்கொடுத்தார்.

நம் தேசத்தில் 1855ஆம் ஆண்டு முதற்கொண்டே, பிறர் தவறினால் ஒருவர் இறந்தால் அவருடைய குடும்பம் வழக்கிட வழி இருந்தது. உயிர் போகாமல் கை மட்டும் போனவருக்கு அந்த வழியும் இல்லை, பொதுவான சிவில் வழக்கே கதி. 1918இல் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார்கள். இரண்டே ஆண்டுகளில் பக்கிங்காம் ஆலை நிர்வாகம் சங்கத் தலைவர்கள் மீது நஷ்டஈடு கோரி வழக்கிட்டு, உயர்நீதிமன்றத்தில் தடையுத்தரவு பெற்றது. நஷ்டஈடு என்பது அந்நாளில் முதலாளி தொழிலாளியிடம் கேட்கும் பொருளாக இருந்தது. அதைத் திருப்பிப் போட்டது 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம். 1924 ஜூலை முதல் நாள் அது அமலுக்கு வந்தது.

4. அட்டவணை

அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையை நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டுமென்று மாணவர்களை நான் கேட்டுக்கொள்வது வழக்கம். இரண்டு கைகளும் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 100 சதவீத இழப்பு. ஒரு கை போனால் 60. பெருவிரல் முழுவதும் 30. அதன் நுனிக்கணு மட்டும் 20. ஆள்காட்டி விரல் 14, நடுவிரல் 12. மோதிர விரலானாலும் சுண்டுவிரலானாலும் 7. சுண்டுவிரலின் நுனி, எலும்பு போகாமல் சீவப்பட்டிருந்தால் 2. பெருவிரலுக்குக் கையின் சரிபாதியை ஒதுக்கியதில் இந்த அட்டவணைக்கு மருத்துவ அறிவு இருக்கிறது. சுண்டுவிரலுக்கு ஏழே ஏழு என்று வைத்ததில் அது சுத்தியல் பிடிப்பவனைக் கலந்துகொள்ளவில்லை; சுத்தியலின் பிடி இறுகி நிற்பது அந்தக் கடைசி இரண்டு விரல்களின் பலத்தில்தான்.

இனிக் கணக்கு. மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை, வயதுக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்கி, இழப்பின் சதவீதத்தை எடுக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு உயர்ந்திருப்பினும் கணக்கில் கொள்ளப்படும் உச்சவரம்பு, 2020 ஜனவரி முதல் 15,000 ரூபாய். இருபத்தைந்து வயதுக்குரிய எண் 216.91. ஆகவே 15,000 ரூபாய் வாங்கும் இருபத்தைந்து வயது இளைஞர் பெருவிரலை இழந்தால், 9,000ஐ 216.91ஆல் பெருக்கி வரும் 19,52,190 ரூபாயில் முப்பது சதவீதமாகிய 5,85,657 ரூபாய் அவருக்கு உரியது. ஆள்காட்டி விரலாயின் 2,73,306 ரூபாய் சொச்சம். இத்தொகை விபத்து நடந்த நாள் முதலே கடனாகிவிடுகிறது. ஒரு மாதத்துக்குள் தராவிடில் ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும், நியாயமான காரணமின்றித் தாமதித்தால் பாதித்தொகை வரையில் அபராதமும் சேரும். இதைவிடக் குறைவாகப் பெற்றுக்கொள்வதாகவோ, உரிமையையே விட்டுவிடுவதாகவோ தொழிலாளி எழுதிக்கொடுத்தாலும் அந்த எழுத்து செல்லாது. 1923ஆம் ஆண்டுச் சட்டம் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் புகுந்துகொண்ட பிறகும், இந்த ஏற்பாட்டின் சாரம் மாறவில்லை.

அட்டவணை வேதவாக்கும் அன்று. 1968இல் ஜெய்ப்பூர் என்னும் ஒரிசா நகரில், ஒரு திரையரங்கின் அலங்கார வேலையில் ஈடுபட்டிருந்த தச்சர் ஒருவர் கீழே விழுந்து, முழங்கை அளவில் இடது கையை இழந்தார். அட்டவணையைப் பார்த்தால் அது முழு இழப்பு அன்று. ஆனால் ஒற்றைக் கையால் தச்சுவேலை செய்ய இயலாது என்பதால், தச்சராகிய அவருக்கு அது நூற்றுக்கு நூறு இழப்பே என்று கொள்ளப்பட்டதை உச்சநீதிமன்றம் 1975இல் உறுதிசெய்தது. எந்த விரல் போயிற்று என்று கேட்ட சட்டத்தை, அந்த விரலால் அந்த மனிதர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்கவைத்த தீர்ப்பு அது.

5. காப்புறுதியும் பூட்டிய கதவும்

1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசு காப்புறுதிச் சட்டம், நாம் அன்றாடம் ஈ.எஸ்.ஐ. என்று சொல்வது, இதற்கு அடுத்த படி. 1952இல் கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கி, நம் மாகாணத்தில் 1955இல் கோவைக்கு முதலில் வந்தது. மாதம் 21,000 ரூபாய் வரையில் ஊதியம் பெறுவோர் இதில் சேர்வர். சம்பளத்தில் முதலாளி 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் செலுத்துகின்றனர். விபத்துக்குப் பின் வேலைக்குப் போக முடியாத காலத்துக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். நிரந்தர இழப்பாயின், மருத்துவக் குழு நிர்ணயிக்கும் சதவீதப்படி ஆயுள் முழுவதும் மாதாமாதம் தொகை வரும். முன்சொன்ன அதே இளைஞர், அதே பெருவிரலுக்காக, ஏறத்தாழ 4,050 ரூபாய் மாதந்தோறும் பெறுவார். கைக்கு வந்த மொத்தத் தொகையைச் சுற்றத்தார் பங்கிட்டுக்கொள்ளும் அபாயம் இதில் இல்லை. இது பெரிய நன்மை என்பதில் எனக்கு ஐயமே கிடையாது.

ஆயினும் இந்த நன்மையோடு ஒரு கதவு பூட்டப்பட்டது. ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் ஆதியில் 66ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது: முதலாளியின் தவறினால் விபத்து நேர்ந்திருந்தால், தொழிலாளிக்குத் தான் கொடுத்ததை அந்த முதலாளியிடமிருந்து வசூலித்துக்கொள்ளும் பாத்தியதை ஈ.எஸ்.ஐ. கார்ப்பொரேஷனுக்கு இருந்தது. 1966ஆம் ஆண்டின் திருத்தம் அந்தப் பிரிவை நீக்கிவிட்டது. அதே திருத்தத்தினால் இன்றைய வடிவம் பெற்ற 53ஆம் பிரிவு, காப்புறுதி பெற்ற தொழிலாளி வேறெந்தச் சட்டத்தின்படியும் முதலாளியிடம் நஷ்டஈடு கோரலாகாது என்று விதித்தது; உச்சநீதிமன்றமும் 1996இல் அதை அவ்வாறே பொருள்கொண்டது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். தொழிலாளியும் கேட்க முடியாது, அவருக்காகப் பணம் கொடுத்த ஸ்தாபனமும் கேட்காது. கார்டைக் கழற்றி ஓட்டிய ஆலையும், கார்டைப் பேணி ஓட்டிய ஆலையும் அதே 3.25 சதவீதத்தையே செலுத்துகின்றன.

இங்கிலாந்து 1948இல் சென்ற திசை வேறு. உடன்தொழிலாளி தவறு என்னும் பழைய கேடயத்தை அவ்வாண்டு அது ஒழித்தது. அரசின் காப்புறுதியைப் பெறுபவர், முதலாளியின் அசிரத்தைக்காகத் தனியே வழக்கிடும் உரிமையையும் வைத்துக்கொண்டார். ஜெர்மனியின் தொழில்வாரிக் காப்புறுதிச் சங்கங்களோ, தொழிலின் ஆபத்துக்கும் ஆலையின் விபத்து வரலாற்றுக்கும் ஏற்பச் சந்தாவை ஏற்றியும் இறக்கியும் வாங்குகின்றன. ஆக, காப்புறுதி கொடுத்தால் பொறுப்பைக் கைவிட்டாக வேண்டும் என்பது இயற்கை விதி ஒன்றுமன்று. அது நாம் செய்துகொண்ட தேர்வு.

6. 'ஏன்' என்பது தொலையும் இடங்கள்

ஏட்டில் உள்ள சட்டத்தை விட்டு நடைமுறைக்கு வந்தால், முதற் கேள்விக்கே விடை கிடைக்காமல் போகும் இடங்கள் பல. அவற்றுள் முதன்மையானது மருத்துவமனையின் வாசல். அரசு மருத்துவமனையில் எழுதப்படும் விபத்துப் பதிவேட்டின் நகலை வழக்கறிஞர்களும் தொழிலாளர்களும் 'ஏ.ஆர். காப்பி' என்பார்கள். மயங்கிக் கிடப்பவர் சார்பில் அதற்குத் தகவல் சொல்பவர் பெரும்பாலும் உடன்வந்த சூப்பர்வைசர். வீட்டில் கிரைண்டரில் விரல் மாட்டியது, பைக் செயினில் சிக்கியது என்று அவர் சொன்னதை டியூட்டி டாக்டர் அப்படியே எழுதிவிட்டால், பின்னால் நஷ்டஈட்டு மனுவை விசாரிக்கும் ஆணையர் முன் எத்தனை சாட்சிகள் வந்தாலும் அந்த முதல் வரியோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அடிபட்டவர் நினைவு திரும்பியதும் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது, தம்மைப் பற்றி அங்கே என்ன எழுதப்பட்டது என்பதைத்தான்.

அடுத்தது ஒப்பந்தத் தொழிலாளியின் நிலை. பெயர் பதிவாகாமலே மாதக்கணக்கில் வேலை வாங்கிவிட்டு, விரல் போன தினத்தன்று அவசரமாக ஈ.எஸ்.ஐ. எண் வாங்கும் வழக்கம் இன்றும் உண்டு. கான்ட்ராக்டர் கைவிரித்தாலும் பிரதான முதலாளி பொறுப்பேற்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு வகுத்த விதியைப் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பிள்ளைகளுக்கு யார் சொல்லித்தருவது? கட்டுப்போட்ட கையோடு ரயிலேற்றி அனுப்பப்பட்டவர், தம் சொந்த ஊருக்குரிய ஆணையரிடமே மனுச் செய்யலாம், இரண்டாண்டுகள் அவகாசம் உண்டு என்பதை அறியாமலே அந்த இரண்டாண்டுகளும் கழிந்துவிடுகின்றன. மனுவில் இடது பெருவிரல் ரேகை வைக்கச் சொல்லும் குமாஸ்தாவின் முன், அந்த விரலைத்தான் இழந்தேன் என்று கையை நீட்டிக் காட்டும் மனிதர்களை நமது ஆபீசுகள் கண்டிருக்கின்றன.

மூன்றாவது, முதலாளி தரப்பின் எதிர்வாதம். குடிபோதை, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே கழற்றியது ஆகிய மூன்றில் ஒன்றை நிரூபித்தால், உயிரிழப்போ நிரந்தர முழு ஊனமோ அல்லாத காயங்களுக்கு நஷ்டஈடு தரவேண்டியதில்லை. வெறும் கவனக்குறைவு இதில் அடங்காது. 'வேண்டுமென்றே' என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டியவரும் முதலாளியே. பொத்தானில் டேப் ஒட்டியவர் தொழிலாளி என்றால், மாதக்கணக்கில் அதைப் பார்த்துக்கொண்டு, ஏறிய பீஸ் கணக்குக்கு இன்சென்டிவும் கொடுத்தவர் யார் என்ற குறுக்குக் கேள்வி ஒன்றே பல சமயங்களில் அந்த வாதத்தைச் சாய்த்துவிடும்.

அப்படியானால் இரண்டாவது கேள்வியைக் கேட்கச் சட்டமே இல்லையா என்று கேட்பீர்கள். தொழிற்சாலைச் சட்டம் 1948, இயந்திரங்களுக்கு வேலியிட வேண்டும் என்று 21ஆம் பிரிவில் கட்டளையிட்டது. மீறியதனால் ஒருவர் பலத்த காயமுற்றால் குறைந்தபட்ச அபராதம் என்னவாக இருந்தது தெரியுமா? 92ஆம் பிரிவின்படி 5,000 ரூபாய். ஒரு விரற்கணு எலும்பு மட்டும் முறிந்திருந்தால் அது பலத்த காயமே அன்று என்று அதே பிரிவின் விளக்கம் கூறிற்று. கார்டு ஒன்றின் விலையைக் காட்டிலும் கார்டு இல்லாமைக்கு விதித்த அபராதம் குறைவாயிருந்தால், கணக்குத் தெரிந்த நிர்வாகி எதைத் தேர்ந்தெடுப்பார்? 2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புத் தொகுப்பு இந்தக் குறைந்தபட்சத்தை இரண்டு லட்சமாக உயர்த்தி, அபராதத்தில் பாதிக்குக் குறையாத பங்கைக் காயமுற்றவருக்கே கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம் என்றும் சொல்கிறது. இரண்டு கேள்விகளையும் ஒரே இடத்தில் சந்திக்கவைக்கும் ஒரு முயற்சி என்று இதை வரவேற்கிறேன்.

பொற்கைப் பாண்டியன் கதை நம் பிள்ளைகளுக்குத் தெரியும். இரவில் ஒரு வீட்டின் கதவைத் தட்டிய தவறுக்காகத் தன் கையைத் தானே வெட்டிக்கொண்ட அரசன் அவன். அந்தக் கதையில் தவறு செய்த கையும் வெட்டுண்ட கையும் ஒன்று; அதனாலேயே அது நீதிக்கதையாயிற்று. நம் ஆலைகளில் அவை இரண்டும் வெவ்வேறு மனிதர்களின் தோள்களில் இருக்கின்றன. பொற்கையும் யாருக்கும் முளைப்பதில்லை.

7. செய்யத்தக்கவை

குற்றத்தைத் தேடாத நஷ்டஈட்டைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது அழுது பெற்ற உரிமை, அதைப் பழைய வழக்குக் காட்டுக்குள் திருப்பி அனுப்பலாகாது. அதன் பக்கத்திலேயே மூன்று காரியங்கள் நடக்க வேண்டும் என்பதே என் கருத்து.

முதலாவது, ஈ.எஸ்.ஐ. மருத்துவக் குழுவின் முன்போ ஆணையரின் முன்போ வரும் ஒவ்வொரு கை இழப்புக் கோப்பிலும், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அறிக்கை ஒன்று, கார்டு இருந்ததா, பொத்தான் வேலை செய்ததா, பழுது முன்பே தெரிந்திருந்ததா என்று சொல்வதாக, இணைக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டாவது, சந்தா விகிதம் எல்லா ஆலைக்கும் ஒன்றாக இராமல், விபத்து வரலாற்றுக்கு ஏற்ப ஏறி இறங்க வேண்டும். விரல் போனால் பணமும் போகும் என்று கணக்குப் பிரிவுக்குத் தெரிந்த மறுநாளே மெயின்டெனன்ஸ் பிரிவுக்கு மரியாதை பிறக்கும். மூன்றாவது, 1966இல் நீக்கிய 66ஆம் பிரிவின் பொருளை மீட்டு, தெரிந்தே பாதுகாப்பை மீறிய முதலாளியிடமிருந்து கார்ப்பொரேஷன் திரும்ப வசூலிக்க வழி செய்ய வேண்டும். தொழிலாளியின் மாதாந்தரத் தொகைக்கு இதனால் ஒரு பைசா குந்தகமும் வராது.

சட்டம் மாறும் வரையில் சும்மா இருக்க வேண்டியதில்லை. இங்கே அமர்ந்திருக்கும் சட்ட மாணவர்கள் நாளைக்கு இத்தகைய வழக்குகளை நடத்துவார்கள். ஆணையரிடம் நஷ்டஈடு கோரும் மனுவில் முதலாளியின் தவறைச் சொல்ல வேண்டிய அவசியம் சட்டப்படி இல்லை என்பதனால், நமது மனுக்களும் அதைச் சொல்வதில்லை. தேதி, விரல், சம்பளம், வயது என்ற நான்கோடு நின்றுவிடுகின்றன. நீங்கள் அதோடு ஒரு பத்தி சேர்த்து எழுதுங்கள்: எந்த எண்ணுள்ள பிரஸ், அதன் கார்டு எப்போது கழற்றப்பட்டது, பழுதை யாரிடம் எந்தத் தேதியில் சொன்னார்கள் என்று. அந்தப் பத்தியினால் உங்கள் கட்சிக்காரரின் தொகை ஒரு ரூபாய் கூட உயராமல் போகலாம். ஆனால் அது வழக்கின் பதிவேட்டில் ஏறிவிடும். அதே பிரஸ்ஸில் மற்றொருவர் கை போகும் தினத்தில், எங்களுக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லும் வசதியை அந்த நிர்வாகம் அன்றைக்கு இழந்திருக்கும்.